நூற்று நாற்பத்திரண்டாம் அடி

நாடாவை மெதுவாகவே சுற்றுங்கள் சார். அவசரமில்லை. அந்த ஓட்டை எங்கேயும் ஓடிவிடாது.

முந்நூற்றுப் பன்னிரண்டு அடியா? சரியாகத்தான் காட்டுகிறது உங்கள் நாடா. ஆனால் மிஷின் போட்டதென்று எழுதிவிடாதீர்கள். மனுஷன் காலால் மிதித்து இறக்கியது இது. போட்டவன் பெயர் அடைக்கலம். நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்காருங்கள். பஞ்சவர்ணம், சாருக்குத் தண்ணி கொண்டாம்மா. என் மகள். இது அவள் வீடு. அதற்கு முன்னால் அவள் மாமனார் வீடு. சோணமுத்து அம்பலம். ஊரில் அவன் வைத்ததுதான் சட்டம். அவன் இவன் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். செத்துப் பல வருஷமாகிறது, இனி மரியாதை கொடுத்து ஆகப்போவது என்ன.

இந்த வட்டாரத்தில் நிலத்தடித் தண்ணீர் எப்படி உப்பானது என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னீர்கள். மேலடுக்கில் நல்ல தண்ணீர் இருந்திருக்க வேண்டுமே, எங்கே போனது என்றும் கேட்டீர்கள். அதற்கு நான் பதில் சொல்லலாம். ஆனால் முதலில் ஒரு காதுகுத்து விருந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பரவாயில்லையா?

எனக்கு அப்போது இருபது வயது. அம்பலத்தின் மகன் சேவுகனுக்குக் காது குத்தினார்கள். இதோ, இந்த முற்றத்தில்தான் பந்தி. முதல் பந்தியில் நான் பன்னிரண்டாவது இலை. என் இலையில் சோறு, கத்திரிக்காய்க் கூட்டு, ஒரு வடை. கறிக்குழம்பு வாளி எனக்கு இரண்டு இலை முன்னால் வந்துவிட்டது. அப்போது அம்பலம் பின்னால் வந்து என் தோளைத் தொட்டான். கையால்கூட இல்லை சார், ஒற்றை விரலால்.

"அடைக்கலம், நீ எந்திரி. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வந்துட்டாரு. அடுத்த பந்தியில உக்காந்துக்க."

சோறு பிசைந்த கையோடு எழுந்தேன். என் இலையை இழுத்து நாய்ப்பக்கம் போட்டார்கள். அந்த இடத்தைத் துடைத்து வேறு இலை விரித்தார்கள். குமாஸ்தா உட்கார்ந்தான். வாளி வந்தது. அவனுக்கு இரண்டு கரண்டி ஊற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் அடுத்த பந்தியில் உட்காரவில்லை. அந்த மாதமே கப்பலேறிவிட்டேன்.

மலேயாவில் பதினாறு வருஷம். நடுவில் ஒரு தடவை வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு, பிள்ளை பிறந்த பிறகு திரும்பப் போனேன். ஈப்போ பக்கத்தில் ஈயம் எடுக்கிற இடம். பூமிக்குள் ஓட்டை போட்டு ஈயம் இருக்கிறதா என்று பார்க்கிற கூட்டத்தில் வேலை. எங்கள் தலைவன் ஆ சூன் என்ற சீனன். மெலிந்த ஆள். அவனுடைய ஊர் சீனாவின் உள்ளே, மலைகளுக்கு நடுவில் இருக்கிறதாம். கடலுக்குப் போகவே மாதக் கணக்காகுமாம். உப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பூமிக்குள் இருக்கிறதே என்றான்.

அவன் ஊரில் உப்புத் தண்ணீருக்காகக் கிணறு போடுவார்கள் சார். நம்மைப் போல ஆள் இறங்குகிற கிணறு இல்லை. ஒரு சாண் அகலம். ஆனால் ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடி, அதற்கும் மேலே. இரண்டாயிரம் வருஷமாக இதைத்தான் செய்கிறோம் என்பான். மிஷின் எங்கே இருந்தது அப்போது? மூங்கில், கயிறு, இரும்பு உளி, மனுஷன் கால். தாத்தா ஆரம்பித்த ஓட்டையைப் பேரன் முடிப்பானாம். உப்பு வந்த அன்றைக்கு ஊரே மேளம் கொட்டுமாம்.

எப்படிச் செய்வது என்று மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினான். பிறகு சின்னதாகச் செய்தே காட்டினான். எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்புதான். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டால் மறக்க மாட்டேன். நல்லதையும் மறக்க மாட்டேன், மற்றதையும் மறக்க மாட்டேன்.

நான் ஊர் திரும்பிய வருஷம் ஊருணி வற்றிவிட்டது. கலங்கலாக ஒரு மூலையில் கிடந்ததை மாடும் மனுஷனும் குடித்தோம். நல்ல தண்ணீருக்குப் பெண்டுகள் கிழக்கே நாலு மைல் போய்வந்தார்கள். போக நாலு, வர நாலு. சேவுகனுக்கு அப்போது கல்யாண வயது. ஆற்றுப்பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைத் திருவிழாவில் பார்த்துவிட்டு வந்து, அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். பெண் வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள். வாய்க்கால் ஓடுகிற ஊர்க்காரர்கள். பெண்ணின் தகப்பன் ஊருணியில் இறங்கி, செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"குறை சொல்லலைங்க. எங்க பிள்ளை குடம் சுமந்து பழகாதவ. ஊருக்குள்ள நல்ல தண்ணி வரட்டும். வர்ற தைக்கு அடுத்த தை வரைக்கும் பொறுத்திருக்கோம்."

அம்பலம் என் வீட்டுக்கு ஆள் அனுப்பினான். போனேன். "ஏப்பா அடைக்கலம், சீனாக்காரன் வித்தை என்னமோ படிச்சிட்டு வந்திருக்கியாமே. இங்கே போட்டுக் காட்டு பாப்பம்" என்றான். கேட்கவில்லை, பாருங்கள். காட்டு என்றான்.

காட்டினேன்.

மேற்கு மலையிலிருந்து மூங்கில் வந்தது. உயரமாகக் கால் நட்டேன். இரண்டு ஆள் கனத்தில் கொல்லனை வைத்து உளி அடித்தேன். மூங்கிலைக் கீற்றாகப் பிளந்து வடம் முறுக்கினேன். நடுவில் தாங்கல் வைத்து நீளமான பலகை. பலகையின் ஒரு முனையில் வடம், வடத்தில் உளி. மறுமுனையில் ஆட்கள் ஏறி மிதித்தால் உளி மேலே எழும்பும். குதித்து இறங்கினால் உளி போய்ப் பாறையில் இடிக்கும். ஏறு, இறங்கு. ஏறு, இறங்கு. ஒவ்வொரு இடிக்கும் ஒருவன் வடத்தைக் கொஞ்சம் திருக வேண்டும், அப்போதுதான் ஓட்டை வட்டமாக வரும். அவ்வளவுதான் வித்தை. முதல் வாரம் ஊரே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. "அடைக்கலம் ஊஞ்சல் கட்டியிருக்கான்" என்றார்கள். பெண்டுகளும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று இப்போதும் சொல்வேன்.

சேவுகன் மட்டும் சிரிக்கவில்லை. அம்பலத்தின் மகன், பலகையில் ஏற வேண்டிய தலையெழுத்தில்லை. ஆனால் கூலிக்கு வந்தவர்களுக்கு முன்னால் அவன்தான் ஏறுவான், கடைசியில் இறங்குவான். உள்ளங்கால் வெடித்து ரத்தம் பலகையில் ஒட்டியிருக்கும். "மாமா, இன்னைக்கு எத்தனை அடி? மாமா, இன்னும் எத்தனை அடி?" இதுதான் அவன் பேச்சு. அவன் காது குத்தில்தான் நான் எழுந்து போனேன் என்று அவனுக்குத் தெரியாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

ஆ சூன் சொல்லிக்கொடுத்த இரண்டு பழக்கத்தை நான் விடவில்லை. மூன்று அடிக்கு ஒரு தடவை, மேலே வருகிற மண்ணில் ஒரு பிடி எடுத்து மூங்கில் துண்டில் அடைத்து வரிசையாக வைப்பது, ஒன்று. மற்றது, ருசி. வருகிற சேற்றுத் தண்ணீரை ஒரே ஆள்தான் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்துப் பேர் பார்த்தால் பத்து விதமாகச் சொல்வார்கள், வேலை நின்றுபோகும். ஆரம்பத்தில் இருந்து முடிகிறவரை ஒரே நாக்கு. ஊர் கூடி அந்த வேலையை எனக்கே கொடுத்தது. இடிக்கும்போது ஓட்டைக்குள் நாங்களே ஊருணித் தண்ணீரை ஊற்றுவோம், மண் இளக வேண்டும் அல்லவா. அதனால் கீழே ஊற்று பிடித்தாலும் மேலே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்குத்தான் தெரியும்.

ஐந்து மாதம் இடித்தோம். நூற்று நாற்பது அடி. அன்று சாயங்காலம் அம்பலம் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் தரையில் உட்கார்ந்து வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சந்தோஷமாக இருந்ததால் நானே பேச்சை எடுத்தேன்.

"சேவுகன் காது குத்துக்கு என்னைப் பந்தியில எந்திரிக்கச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பந்தி?"

"முதப் பந்தி. குமாஸ்தா வந்தாரு."

அம்பலம் யோசித்துப் பார்த்தான். உண்மையாகவே யோசித்தான் சார், அதை மறைக்க மாட்டேன். பிறகு தலையை ஆட்டினான். "எத்தனையோ பேரை எந்திரிக்கச் சொல்லியிருப்பேன். விருந்துன்னா முன்னப் பின்ன இருக்கத்தானய்யா செய்யும். அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா."

பதினேழு வருஷம் என் தொண்டையில் நின்ற சோறு அது. அவனுக்கு எந்தப் பந்தி என்றே தெரியவில்லை.

மறுநாள் உச்சி வேளை. ஆட்கள் கஞ்சி குடிக்க ஒதுங்கினார்கள். நான் குழாயை இறக்கினேன். மூங்கில் குழாய், அடியில் தோல் மூடி. இறங்கும்போது திறந்து சேற்றை வாங்கும், தூக்கும்போது மூடிக்கொள்ளும். மேலே வந்ததைக் கொட்டினேன். மண் வெள்ளையாக இருந்தது. ஆற்று மணல் மாதிரி. நாக்கில் வைத்தேன்.

இளநீர் சார். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. நூற்று நாற்பத்திரண்டாம் அடி.

அந்த நேரம் என் மகள் பஞ்சவர்ணம் கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். பதினாலு வயசு. "இன்னைக்கு என்ன ருசிப்பா?" என்று கேட்டாள், தினமும் கேட்பாள். எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு விரல் தொட்டு அவள் நாக்கில் வைத்தேன். அதுதான் நான் செய்த ஒரே தப்பு. ஒரே நாக்கு என்கிற முறையை மீறிவிட்டேன்.

"இனிக்குதுப்பா" என்றாள். கண் இத்தனை பெரிதாக விரிந்தது. "சேவுகன் மச்சான்கிட்ட சொல்லிட்டு வரவா?"

கையைப் பிடித்து நிறுத்தினேன். "யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. வேலை முடியிறதுக்குள்ள வாயால சொன்னா தண்ணி வேற பக்கம் ஓடிப்போயிரும். சீனாக்காரன் சாஸ்திரம்" என்றேன். அப்படியொரு சாஸ்திரம் கிடையாது. அவள் வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு தலையாட்டினாள். நல்ல பிள்ளை. சொன்னால் கேட்பாள். கொஞ்ச நாளில் மறந்தும்போயிருப்பாள், சின்னப் பிள்ளைதானே.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். சேவுகன் முதலில் ஓடி வந்தான். "மாமா, என்ன வந்துச்சு?"

"களி மண்ணு" என்றேன். "இடிங்க."

இடித்தார்கள். நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை சார், அதைக் கவனிக்க வேண்டும். நிறுத்து என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்னும் எட்டு மாதம் இடித்தார்கள். ஒருவனுக்குப் பலகை தட்டி முழங்கால் போயிற்று. இருநூறு அடி. இருநூற்றைம்பது. அம்பலம் வளர்த்த மாடுகளில் பாதி செத்தது. அவன் உடம்பு பாதியானது. தினமும் வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். நான் சேற்றை நாக்கில் வைப்பேன், கண்ணை மூடுவேன், கொஞ்ச நேரம் அப்படியே இருப்பேன். அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். பிறகு துப்புவேன். அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே சார். எந்தக் குமாஸ்தாவுக்கும் அப்படி ஒரு நிமிஷம் கிடைத்திருக்காது.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் அடியில் உளி சட்டென்று இறங்கியது. வடம் தளர்ந்தது. கீழேயிருந்து தண்ணீர் தானாக ஏறி வந்தது, வாளி போட்டு அள்ளுகிற உயரத்துக்கு. ஊரே கத்தியது. ருசி பார்க்க என்னை யாரும் கேட்கவில்லை. சேவுகன்தான் முதலில் இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்தான். தகப்பனிடம் வாளியை நீட்டினான். அம்பலம் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான். துப்பிவிட்டு மண்ணில் உட்கார்ந்தான்.

கடலை விட உப்பு. சீனாவாக இருந்தால் மேளம் கொட்டியிருப்பார்கள்.

எல்லோரும் கலைந்து போனபிறகும் சேவுகன் பலகையை விட்டு இறங்கவில்லை. வடத்தை நான் அவிழ்த்துவிட்டேன். வெறும் பலகை. அதில் தனியாக ஏறி மிதித்து இறங்கிக்கொண்டிருந்தான். ஏறு, இறங்கு. நான் "போதும் மாப்பிள்ளை" என்றேன். "இன்னும் கொஞ்சம் போனா நல்லது வரும் மாமா" என்றான்.

அந்த உப்பு ஊற்று இந்த ஓட்டை வழியாக ஏறி மேலடுக்கிலும் கலந்துவிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். பின்னால் மிஷின்காரன் வந்து நாலு இடத்தில் போட்டான், நூறு நூற்றைம்பது அடியிலேயே உப்புதான் வந்தது. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும், நான் ஒருவனா இடித்தேன்?

தை வந்தது. ஆற்றுப்பக்கத்தார் சம்பந்தம் வேண்டாமென்று தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு வெளியூரில் ஒருத்தரும் எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கவில்லை. நாலு வருஷம் அம்பலம் அலைந்தான். கடைசியில் ஒரு நாள் காலையில் என் வாசலில் வந்து நின்றான். சோணமுத்து அம்பலம், என் வாசலில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. "மச்சான், உங்க பிள்ளையை என் மகனுக்குக் குடுங்க" என்றான். மச்சான் என்றான் சார். கொடுங்கள் என்றான்.

பஞ்சவர்ணத்துக்கு இஷ்டமா என்றா கேட்கிறீர்கள்? கேட்கவில்லை. ஆனால் மறுக்கவில்லை அவள். தாலி கட்டுகிற வரைக்கும் அந்தப் பையன் முகத்தைப் பார்க்காமல் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் வெடிப்பெல்லாம் தழும்பாகியிருந்தது.

கல்யாண விருந்தில் அம்பலம் முதல் பந்தியில் உட்கார்ந்தான். எண்ணிப் பார்த்து நானே பன்னிரண்டாவது இலையில் உட்காரவைத்தேன். கூட்டு, வடை, சோறு. குழம்பு வாளி இரண்டு இலை முன்னால் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. பின்னால் போய், ஒற்றை விரலால் தோளைத் தொட்டேன்.

"மச்சான், கொஞ்சம் எந்திரிங்க. கம்பவுண்டர் வந்திருக்காரு."

என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். "அதுக்கென்ன மச்சான், இனி நானும் வீட்டுக்காரன்தானே, வீட்டுக்காரன் கடைசியிலதான் சாப்பிடணும்" என்று எழுந்து, கையைக் கழுவிவிட்டு, வாளியை வாங்கி அவனே கம்பவுண்டருக்கு ஊற்றினான். அவனுக்கு வலிக்கவே இல்லை. அதுதான் சார் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் செத்த அன்றைக்குக்கூட அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

பஞ்சவர்ணமா? அம்பலம் வீட்டு மருமகள். ஊரில் பெரிய வீடு. தண்ணீருக்கு நாலு மைல் போய்வருவாள், எல்லாப் பெண்டுகளையும் போல. வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது ஒரு நாள் குடத்தோடு விழுந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்கப்புறம் ஒன்றும் தங்கவில்லை. பார்த்து நடக்க வேண்டாமா? முதுகு இப்போது வளைந்து போயிருப்பதும் அந்தச் சுமையால்தான் என்று டாக்டர் சொன்னார். இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது. காலம் மாறிவிட்டது. அவளுக்குத்தான் வயசாகிவிட்டது.

மாப்பிள்ளை சேவுகன் போன வருஷம் போய்ச்சேர்ந்தார். கடைசிவரை என் மேல் மரியாதை. "மாமா இல்லேன்னா அந்த உப்பாவது வந்திருக்குமா" என்று வருகிறவர்களிடம் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பஞ்சவர்ணம் எழுந்து உள்ளே போய்விடுவாள். எங்கள் பழம்பெருமை அவளுக்குப் பிடிக்காது.

என் சம்சாரம் போனபிறகு பதினொரு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். குறை சொல்லக் கூடாது, வேளாவேளைக்குக் கஞ்சி வைப்பாள். நான் இங்கே வருகிறபோது, என் பழைய வீட்டுச் சாமான்களை ஏறக்கட்டுகையில் மூங்கில் துண்டு வரிசையைப் பரணிலிருந்து இறக்கினாள். நூற்று மூன்று துண்டு. ஒன்றை மட்டும் தட்டிக் கையில் கொட்டிப் பார்த்தாள். வெள்ளை மணல். "இது எத்தனாவது அடிப்பா?" என்றாள். "எவன் கண்டான்" என்றேன். சரியென்று உள்ளே வைத்துவிட்டாள். எத்தனையோ துண்டு இருக்க அதை ஏன் எடுத்தாள் என்று தெரியவில்லை.

எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான் சார். இந்த நாக்கு. ஒரு காலத்தில் ஒரு ஊரே இதைப் பார்த்து நின்றது. இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ செத்துப்போயிற்று. எதைக் குடித்தாலும் உப்புக் கரிக்கிறது. கஞ்சி கரிக்கிறது, தண்ணீர் கரிக்கிறது, காப்பிகூடக் கரிக்கிறது. அவளிடம் சொன்னால், "உங்க நாக்கு அப்படிப்பா. வயசாயிருச்சுல்ல" என்பாள். டாக்டர்கூட ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது என்றார், காரணம் தெரியவில்லையாம். வெளியே எங்கேயாவது போனால் ருசி பார்க்கலாம், எங்கே போகிறேன், கால் வராது.

இதோ, வந்துவிட்டாள். அந்த எவர்சில்வர் செம்பு உங்களுக்கு. பித்தளைச் செம்பு என்னுடையது, எனக்குத் தனியாகத்தான் வைப்பாள்.

குடியுங்கள். எப்படி இருக்கிறது? நல்ல தண்ணீரா? லாரித் தண்ணீர்தான், நன்றாகத்தான் இருக்கும். கொடுத்துவைத்தவர்.

நீங்கள் தண்ணீர் படித்தவர். ஒரு உதவி செய்யுங்கள். என்னுடையதில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எச்சில் இல்லை, இன்னும் வாய் வைக்கவில்லை. சும்மா, என் நாக்கு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். இந்தாருங்கள்.

என்ன சார்.

ஏன் துப்பினீர்கள்?

...

அவள் இன்னும் நிலைப்படியில்தான் நிற்கிறாளா? எனக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. என்னைப் பார்க்கிறாளா, உங்களைப் பார்க்கிறாளா?

செம்பை இப்படிக் கொடுங்கள் சார். கீழே ஊற்றிவிடாதீர்கள். மிச்சம் வைத்தால் அவள் கேட்பாள்.